பர்ரியாடோவுக்கு மட்டும் குக்கர் வேண்டாம்

பிரேசில் கறின்னா எல்லாரும் ஃபெய்ஜோவாடாவத்தான் சொல்றாங்க, கருப்பு பீன்ஸும் பன்னிக்கறியும் போட்டு வைக்கிறது. எனக்கு அதவிட பிடிச்சது பர்ரியாடோ. பரானா மாநிலத்து கடலோரத்துல மொர்ரெத்தஸ், அன்டோனினா, பரனகுவா ஊர்கள்ல வைக்கிற மாட்டுக்கறி. கார்னிவல் சமயத்துல ஃபான்டாங்கோ ஆட்டம் நாள் கணக்கா நடக்கும், அப்ப யாரும் அடுப்படியிலயே கிடக்க வேண்டாம்னு முன்னாடியே வச்சிருவாங்க, பசிச்சா சூடு பண்ணி சாப்ட்டு திரும்ப ஆடப் போயிரலாம்.

மசாலான்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. மண்சட்டி அடியில பேக்கன் (உப்பு போட்டு பதப்படுத்துன பன்னிக்கறி) துண்டுகள பரப்பி அதுமேல கறி, வெங்காயம், பூண்டு, சீரகம், பிரிஞ்சி இலை, மறுபடி கறின்னு அடுக்கிட்டே போகணும், மிளகாத்தூள் கரம் மசாலா பக்கமே போகாதீங்க, இதுல சீரக வாசனைதான் முன்னாடி நிக்கணும். நம்ம கொடைக்கானல் மலைப்பூண்டு (2019ல புவிசார் குறியீடு வாங்கினது) காரம் ஜாஸ்தி, அதனால கொஞ்சமா போட்டாலே போதும்.

அப்புறம் மூடி. மரவள்ளி மாவ சுடுதண்ணி விட்டு கெட்டியா பிசைஞ்சு மூடி ஓரம் பூரா அப்பிடணும், பிரியாணிக்கு தம் போடறப்ப மைதா ஒட்டுவோம்ல அதே மாதிரிதான். எங்கயாவது ஆவி புஸ்ஸுன்னு வந்தா உடனே அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் மாவு வச்சு அழுத்தணும். 12 மணி நேரத்துக்கு கொறையாம சின்ன தீயில கிடக்கட்டும்.

கொடைக்கானல்ல நாங்க பருப்புல இருந்து கறி வரைக்கும் எல்லாத்தையும் குக்கர்லதான் வைக்கிறோம், ஏன்னா 2,100 மீட்டர் உயரத்துல தண்ணி கிட்டத்தட்ட 93 டிகிரியிலயே கொதிச்சிரும், சாதாரண பாத்திரத்துல வேகறதுக்குள்ள பொறுமை போயிரும். ஆனா இந்தக் கறிக்கு அது பிரச்சனையே இல்லங்க. ஜவ்வு கரையறதுக்கு தளதளன்னு கொதிக்கணும்னு அவசியம் கிடையாது, 80 டிகிரி இருந்தாலே மெதுவா கரைஞ்சிரும், நேரம்தான் குடுக்கணும். குக்கர்ல வச்சா கறி வெந்துரும், ஆனா நார் தனியா சாறு தனியா நிக்கும், எனக்கு அது பர்ரியாடோவே இல்ல.

கறிக்கடையில கொழுப்பில்லாத கால் சதையா கேளுங்க. "அது லேசுல வேகாதே தம்பி, வேற பீஸ் தரட்டா"ன்னு பாய் கேட்டாரு, "அதான் பாய் வேணும், ஜவ்வோடயே போடுங்க"ன்னு வாங்கிட்டு வந்தேன். காலையில மாவ தட்டி உடைச்சு மூடிய திறந்தா கறி நூல் நூலா பிரிஞ்சு, கரண்டிய வச்சாலே கரைஞ்சு போகுது, சாறு உதட்டுல ஒட்டுது.

சாதத்தோட மட்டும் சாப்பிடாதீங்க. தட்டுல வறுத்த மரவள்ளிப் பொடிய போட்டு (அந்தக் கிழங்கே தென் அமெரிக்காவுல இருந்துதான் நமக்கு வந்துச்சு) கொதிக்கிற சாற ஊத்தி வேகமா கிண்டுனா கெட்டியாயிரும், அதுமேல கறி. பக்கத்துல வாழைப்பழ வில்லைகள், அது கட்டாயம், கறியோட இனிப்பான்னு யோசிக்காதீங்க. அவங்க ஊர் பழத்துக்கு நான் ஏங்கவே இல்ல, நம்ம பழனி மலை விருப்பாச்சி இருக்கே, லேசா புளிப்போட, அந்த கனமான சாறுக்கு அப்படி பொருந்துது. விருப்பாச்சி கிடைக்கலன்னா சிறுமலை வாங்குங்க, மோரிஸ் மட்டும் வேண்டாம், வெறும் இனிப்புதான் இருக்கும்.