முற்றத்துக்கு மூடி வேண்டாம்

மார்ச் 2
புது வீட்டுப் பிளானில் முதல் கோடு முற்றத்துக்குத்தான் போட்டேன். பத்தடிக்குப் பத்தடி. சுற்றிலும் ஐந்தடித் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். தம்பிக்கு ஒரே கவலை: தூணில் செதுக்கல் உண்டா? தூண், ஓடு எல்லாம் எந்த வீட்டிலும் பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம், முற்றத்தை அப்படி முடியுமா என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

மார்ச் 5
இன்ஜினியரிடமிருந்து பிளான் திரும்பி வந்தது. முற்றம் ஆறடியாகச் சுருங்கி, மேலே கண்ணாடிக் கூரையும் முளைத்திருக்கிறது. ‘மழைத் தொல்லை இருக்காது’ என்று ஓரத்தில் குறிப்பு வேறு. வெயில் உள்ளே வரும், சூடேறிய காற்று மேலே போக வழியிருக்காது. செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்தான் அது. அப்புறம் அதைக் குளிரவைக்க ஏசி!

மார்ச் 6
ஆனாலும் மழை பற்றி அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாழ்வாரக் கூரை நான்கு பக்கமும் உள்ளே சரிகிறது. முற்றத்தையும் சேர்த்தால் இருபதுக்கு இருபது, ஏறத்தாழ 37 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கே சுமார் 1,850 லிட்டர் தண்ணீர். பழைய ரோமானிய வீடுகளிலும் இப்படித்தான் கூரை உள்ளே சரியும். நடுப்பள்ளத்தில் விழுந்த நீர் நிலத்தடித் தொட்டிக்குப் போகும். நமக்கும் ஒரு தொட்டி.

மார்ச் 9
அப்பா வாக்கரோடு தாழ்வாரத்தில் நடப்பதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பழைய பாணி முழுக்கப் படிகள்! இரண்டடி மேடையில் திண்ணை, எழும்பிய நிலைப்படி, ஓரடி இறங்கிய முற்றம். சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டடிக்கு இருபத்துநான்கு. ஆசையாக வரைந்த வீட்டுக்குள் அவர் தனியாக நுழையக்கூட முடியாது. பிளானைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

மார்ச் 11
சரி, மேடை ஒன்றரை அடி போதும். பதினெட்டடிச் சாய்தளம் பக்கச் சுவரை ஒட்டிப் போய்த் திண்ணையில் சேரும். நிலைப்படி தரைமட்டம். முற்றத்தை இரண்டு அங்குலம் மட்டும் இறக்கலாம் என்றேன், கொத்தனார் சிரித்தார். “குழாய் அடைச்சா எங்க நிக்கும் தண்ணி?” நியாயந்தான். இரண்டு அங்குலத்தில் சுமார் 470 லிட்டர்தான் தேங்கும். நான்கு அங்குலம் என்று முடிவாயிற்று. ஒரு பக்கம் நாலடிக் குட்டிச் சாய்தளம், ஓட்டு விளிம்புக்கு நேர்கீழே கம்பிவலை மூடிய கால்வாய், தனித்தனியாக இரண்டு வடிகுழாய். இலை அடைத்தாலும் இரண்டும் ஒன்றாக அடைக்காது என்று நம்பிக்கை.

மார்ச் 13
உள்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகுவது அது, அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். முதலில் ஓர் அறை. தம்பிக்கு இரண்டு செதுக்குத் தூண் கொடுத்தாயிற்று.

மார்ச் 15
அட்டையில் மாதிரி செய்து மேசையில் வைத்தோம். எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டிருக்க, அப்பா ஒரு அறையை விரலால் தொட்டு, “என் கட்டில் எங்கடா வரும்? படுத்தா முற்றம் தெரியுமா?” என்றார். தெரியாது. நடுவில் குளியலறைச் சுவர் நிற்கிறது. அட்டையைப் பிய்த்துவிட்டேன். நாளைக்கு இன்ஜினியரிடம் மறுபடி போகவேண்டும்.