உலர்ந்த படுக்கை

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வீட்டுக்கு முதன்முறையாகப் போய்விட்டுத் திரும்பிய அன்று, ‘குழந்தை சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறாள்’ என்று என் பதிவேட்டில் எழுதினேன். வீடு தேடிச் சென்று மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி தருவது என் வேலை. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதத்தால் நடக்கவும் பேசவும் இயலாதவள். படுக்கை விரிப்பில் ஈரமில்லை, வீட்டில் மூத்திர வாடையில்லை. அவளை வளர்க்கும் பாட்டியான அம்மச்சியை மனதாரப் பாராட்டிவிட்டே படியிறங்கினேன்.

மூன்றாம் முறை போனது ஒரு மதிய வேளை. பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து நான் குடித்தபோது, தலையை நிமிர்த்தவே திணறும் அந்தக் குழந்தையின் கண்கள் புட்டியை விட்டு அகலவில்லை. அதை இடப்பக்கம் கொண்டுபோனால் இடப்பக்கம், வலப்பக்கம் கொண்டுபோனால் வலப்பக்கம் என்று பார்வை கூடவே வந்தது. அப்போதுதான் அவளது உதடுகள் வெடித்திருப்பதைக் கவனித்தேன். நிமிர்த்தி உட்காரவைத்துக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தபோது, கரண்டியைப் பல்லால் கவ்விக்கொண்டு விட மறுத்தாள்.

“மத்தியானத்துக்குப் பொறவு வெள்ளம் குடுக்க மாட்டேன் டீச்சரே. குடுத்தா துணி முழுக்க நனைச்சுப் போடும். துவைச்சு எடுக்க என்னக் கொண்டு ஒக்காது” என்றார் அம்மச்சி. அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியமாகவே அது அவருக்குத் தோன்றவில்லை. குழந்தையின் தாய் காலையில் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தந்தை வளைகுடாவில் இருக்கிறார். எழுபதைக் கடந்த ஒருத்தி, முதுகு வளைந்த நிலையில், கிணற்றில் இறைத்து, நாளொன்றுக்கு ஐந்தாறு விரிப்புகளைத் துவைக்க வேண்டியிருந்தது. நான் பாராட்டிய உலர்ந்த படுக்கை, ஒரு குழந்தையின் தாகத்தால் உலர்ந்திருந்தது.

மாற்றுத்திறன் குழந்தைகள் வதைக்கப்படுவது பற்றிப் பேசும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவை பிரம்படியும் சங்கிலியும்தான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு வெந்துபோன மனநோயாளிகளை நினைத்து இன்றும் பதறுகிறோம், பதற வேண்டியதுதான். ஆனால் நான் ஏறி இறங்கும் வீடுகளில் சங்கிலியை அரிதாகவே பார்க்கிறேன். தண்ணீர் குறைப்பையோ அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது, செறிந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்துவதால் குழந்தை முன்னைவிட அடிக்கடி நனைக்கவும் கூடும். அதைக் கண்டு வீட்டார் இன்னும் குறைக்கிறார்கள். படுக்கவைத்தபடியே அவசரமாகக் கஞ்சி ஊற்றுவதும் இதன் உடன்பிறப்புத்தான். அப்படி ஊற்றியது மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாக மாறும்போது, ‘இது எப்பவும் சுகமில்லாத பிள்ளைதானே’ என்ற ஒரு சொல்லில் காரணம் புதைந்துவிடுகிறது. வலி எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாத குழந்தைக்கு நேர்வதெல்லாம் அதன் ஊனத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் நடந்து, 2012இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, மாற்றுத்திறன் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்றது. அது வசதி படைத்த நாடுகளின் தரவுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. எங்கள் மேல்புறம் ஊர்ப் பக்கத்து அம்மச்சிகளும் பேத்திகளும் அதில் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை நான் பயிற்சிக் காலத்தில் மேலோட்டமாகத்தான் படித்திருந்தேன். அன்று இரவு 92ஆம் பிரிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடிப்பது, பொதுவிடத்தில் இழிவுபடுத்துவது ஆகியவற்றோடு, பராமரிப்பில் உள்ளவருக்கு அறிந்தே உணவோ தண்ணீர் போன்ற திரவமோ மறுப்பதும் அங்கே குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். அதை எழுதியவர்களில் யாரோ ஒருவர் இப்படியொரு படுக்கையருகே நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த அம்மச்சியைச் சிறைக்கு அனுப்புவதால் அந்தக் குழந்தைக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

நிறுவனங்களின் விஷயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. இதே மாவட்டத்தில் வேறொரு தாய் தன் மகனின் பள்ளிக் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். ‘காலையில் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பவும்’ என்று அதில் எழுதியிருந்தது, வேனில் நனைத்துவிடுகிறானாம். கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆள் வைத்து, பராமரிக்கிறோம் என்று பலகை மாட்டியவர்கள், ஒரு ஆயாவின் வேலையை மிச்சப்படுத்தக் குழந்தையின் தொண்டையை வறளவிடுவதற்கு முதுமையும் காரணமில்லை, தனிமையும் காரணமில்லை. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே புறக்கணிப்பதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கொடுமை என்று வகைப்படுத்துகிறது. அந்தக் குழந்தை சான்று பெற்ற மாற்றுத்திறனாளியாக இருந்தால் தண்டனை இரட்டிப்பு என்கிறது அதன் 85ஆம் பிரிவு. இப்படிப்பட்ட வதை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் வட்டாட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அந்தத் தாய் அழைக்கவில்லை. வேறு பள்ளி அருகில் இல்லை, இருக்கும் இடமும் பறிபோய்விடும் என்ற பயம். நான் வற்புறுத்தவுமில்லை, அது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது. பேச முடியாதவனைத் தண்ணீருக்காகத் தவிக்கவிட்டும் யாரும் கேட்கவில்லை என்று கண்டுகொண்ட இடத்தில், அதைவிடக் கொடியதைச் செய்யத் துணிபவனுக்கு என்ன தடை இருக்கும் என்றுதான் என் மனம் ஓடுகிறது.

அம்மச்சி வீட்டுக்கு வருகிறேன். அவரைக் குற்றம் சொல்லாமல் துவைக்கும் சுமையைக் குறைப்பதே வழி என்று பட்டது. முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த வீடு அது. ஆனால் குழந்தையின் அடியில் விரிக்க ஒரு ரப்பர் விரிப்பு இல்லை. அரசு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பமே போடவில்லை. நாகர்கோவிலுக்கு ஒரு நாள் போய்வந்தால் அண்டியாபீசில் ஒரு நாள் கூலி போய்விடும். விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன். நடுவில் துளையிட்ட மரநாற்காலி ஒன்றை உள்ளூர் ஆசாரி செய்துதந்தார். தண்ணீர் கொடுத்து, சிறிது நேரம் கழித்து அதில் உட்காரவைக்கும் பழக்கத்துக்குக் குழந்தை பழக ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. அம்மச்சி பழக அதற்கும் மேல்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் படுக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் துணிக்கொடியைப் பார்க்கிறேன். போன வாரம் அந்த வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் குழந்தையின் இரண்டு விரிப்புகளும் ஒரு பாவாடையும் சொட்டிக்கொண்டிருந்தன. “இன்னைக்கு ரெண்டு தடவதான் டீச்சரே” என்றார் அம்மச்சி, அலுப்போடு.