எல்பே ஆறும் டெட்மோல்ட் சபையும்

தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஜெர்மனி என்றால் முதலில் ஹாலே நகரம்தான். 1706-இல் மிஷனரி சீகன்பால்க் எங்கள் கரையில் வந்திறங்கியதையும், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததையும் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தோம். அவரை உருவாக்கியது ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே வளர்த்த பக்தி எழுப்புதல். வீட்டில் கூடி வேதத்தைத் திறந்து வைத்துச் சேர்ந்து வாசிப்பதுதான் அந்த எழுப்புதலின் உயிர். அந்தப் பழக்கம் தெற்கே எங்கள் ஊருக்குக் கப்பலேறியதைப் போலவே கிழக்கே ரஷ்யாவுக்கும் வண்டியேறியது என்பது, இங்கே ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து, உடன் வேலை செய்யும் ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் குடும்பம் கஜகஸ்தானிலிருந்து திரும்பி வந்த ஜெர்மானியர்கள், குழந்தைக்கு அல்ல, விசுவாசித்தவருக்கே முழுக்கு ஞானஸ்நானம் என்கிற பாப்டிஸ்ட் விசுவாசிகள். "அக்டோபர் முதல் ஞாயிறு எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. டெட்மோல்டுக்கு வாருங்களேன்" என்று கூப்பிட்டார். அதற்கு முன்னால் ஹாம்பர்க் போய்விட்டு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் சபைகளின் ஊற்றுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

ஹாம்பர்க்கின் புனித பவுலி கரையிலிருந்து எல்பே ஆற்றுக்கு அடியில் ஒரு பழைய சுரங்கப்பாதை போகிறது. 1911-இல் திறந்தது. லிஃப்டில் 24 மீட்டர் கீழே இறங்கி, வெள்ளை ஓடு பதித்த நீண்ட குழாய்க்குள் நடக்க வேண்டும். சுவரில் மீன், நண்டு என்று புடைப்புச் சிற்பங்கள். மறுபக்கம் ஏறினால் ஸ்டெய்ன்வெர்டர். இன்று கப்பல் பட்டறைகளும் கிரேன்களும் நிற்கிற துறைமுகப் பகுதி. 1834 ஏப்ரல் 22 அன்று இந்தப் பக்கத்து ஆற்றங்கரையில்தான் யோஹான் ஜெர்ஹார்ட் ஓங்கன், அவர் மனைவி, இன்னும் ஐந்து பேர் என்று ஏழு பேர் இருட்டில் தண்ணீரில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பார்னாஸ் சியர்ஸ். மறுநாளே சபை நிறுவப்பட்டது.

ஓங்கன் 1800-இல் வாரெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு வியாபாரியோடு ஸ்காட்லாந்து போய், பிறகு லண்டனில் மனந்திரும்பி, ஹாம்பர்க்கில் வேதாகமம் விற்கவும் பிரசங்கிக்கவும் வந்தார். புதிய ஏற்பாட்டை வாசித்து வாசித்தே, விசுவாசித்த பிறகு பெறுவதுதான் ஞானஸ்நானம் என்ற முடிவுக்கு வந்தார். கொடுக்க ஆள் இல்லை. "நீரே உமக்குக் கொடுத்துக்கொள்ளும்" என்ற அர்த்தத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஆலோசனை வந்தபோதும் அவர் மறுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் 'தடை என்ன' என்று கேட்கிற அந்த வசனத்தை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன்! தண்ணீர் வீட்டு வாசலில் ஓடியும், கொடுக்கும் கைக்காகக் காத்திருந்த ஒரு மனிதர் நின்ற கரையில் அதை வாசித்தபோது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கனத்தது.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் புனித மிக்கேல் ஆலயத்தின் கோபுரம் தெரிகிறது. அது எங்கள் லுத்தரன் ஆலயம். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது: அன்று அரசோடு கைகோத்து நின்றது அரசுத் திருச்சபையாகிய எங்கள் தரப்பு. 1840-இல் ஓங்கனைச் சிறையில் போட்டார்கள், வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்தார்கள். சில ஜெர்மானிய நாடுகளில் பாப்டிஸ்ட் பெற்றோரின் குழந்தைகளைக் காவலர் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்ததும் நடந்திருக்கிறது. பிறகு 1842 மே மாதம் நகரத்தில் பெருந்தீ. வீடிழந்தவர்களுக்கு பாப்டிஸ்ட் சபையார் தங்கள் கூடுமிடத்தைத் திறந்துவிட்டு, சோறும் படுக்கையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அதிகாரிகளின் பிடி தளர்ந்தது. 'ஒவ்வொரு பாப்டிஸ்டும் ஒரு மிஷனரி' என்பது ஓங்கனின் வாக்கு. தையற்காரரும் தச்சரும் வேலை தேடி ஊர் ஊராகப் போனபோது சபையும் கூடவே போனது.

இனி ரஷ்யா. 1763-இல் கேத்தரின் மகாராணி வெளிநாட்டவரைக் குடியேற அழைத்தார். நிலம் கொடுத்தார், வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மக்களை மட்டும் உங்கள் மதத்துக்கு இழுக்கக் கூடாது என்றார். வோல்கா கரையில் ஜெர்மானியர்கள் குடியேறினார்கள். 1789 முதல், பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்து ஆயுதம் ஏந்த மறுக்கிற மென்னோனைட்டுகள் நீப்பர் கரையில். அதற்கப்புறம் கருங்கடல் பக்கம் வூர்ட்டம்பெர்க்கிலிருந்து போன பக்தி இயக்கத்தார். அவர்கள் வீடுகளில் மாலையில் ஒரு மணி நேரம் வேதவாசிப்பு நடக்கும். ஜெர்மனில் அதை 'ஷ்டுண்டே' என்பார்கள். அறுவடை வேலைக்கு வந்த உக்ரேனிய விவசாயிகள் வாசலில் நின்று கேட்டார்கள், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், அப்புறம் தங்கள் வீடுகளிலேயே கூட ஆரம்பித்தார்கள். ஊரார் அவர்களை ஷ்டுண்டிஸ்டுகள் என்றார்கள். ஒடெஸா அருகே ரோர்பாக் என்ற ஜெர்மானியக் குடியிருப்பில் போனெக்கெம்பர் என்ற தந்தையும் மகனும் போதகர்களாக இருந்து இதை வளர்த்தார்கள். பக்கத்து ஒஸ்னோவா கிராமத்தின் மிகைல் ரதுஷ்னி அங்கே பற்றிக்கொண்டவர்.

1869 ஜூன் மாதம் எலிசவெத்கிராத் அருகே ஜெர்மானியர்களுக்கு ஆற்றில் ஞானஸ்நானம். மென்னோனைட் சகோதரர் சபையின் ஆபிரகாம் உங்கர் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஜெர்மானியர்களோடு எஃபிம் சிம்பல் என்ற உக்ரேனியரும் தண்ணீரில் இறங்கினார். ஆர்த்தடாக்ஸ்காரரை இப்படிச் சேர்ப்பது சட்டப்படி குற்றம். ஆனால் சிம்பல் ரியாபோஷாப்கா என்பவருக்குக் கொடுத்தார், ரியாபோஷாப்கா ரதுஷ்னிக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு தடுத்து நிறுத்த யாராலும் முடியவில்லை. ஓங்கனே அந்த ஆண்டு தென் ரஷ்யாவுக்கு வந்து உங்கருக்கு அபிஷேகம் செய்து வைத்தார்.

ரஷ்ய பாப்டிஸ்டுகள் தங்கள் தொடக்கமாகச் சொல்வது இதற்கும் முந்தைய ஒரு நாளை: 1867 ஆகஸ்ட் 20. இன்று ஜார்ஜியாவின் தலைநகரமாக இருக்கும் திஃப்லிஸில் நிகிதா வொரோனின் என்ற வியாபாரி. அவர் மொலோகான் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் தண்ணீர் ஞானஸ்நானமே தேவையில்லை என்பவர்கள். வேதத்தை வாசித்து அது தவறு என்று அவருக்குப் பட்டது. ஊரில் குடியேறியிருந்த மார்ட்டின் கால்வெய்ட் என்ற ஜெர்மானிய பாப்டிஸ்ட் அவரை இரவில் குரா ஆற்றுக்குக் கூட்டிப்போய் முழுக்குக் கொடுத்தார். எல்பேயிலும் இரவு, குராவிலும் இரவு. வெளிச்சத்தில் செய்ய முடியாத காலம் இரண்டு ஊரிலும்.

திஃப்லிஸ் சபையில் வளர்ந்த இளைஞர் வசிலி பாவ்லோவ், 1875-இல் ஹாம்பர்க்குக்கே போய் ஓங்கனிடம் படித்தார். திரும்பி வந்து ஊர் ஊராகப் பிரசங்கித்தார். 1887-இல் ஓரன்பர்க்குக்கு நாடுகடத்தல். முடிந்து வந்ததும் மறுபடி நாடுகடத்தல். 1892-இல் அங்கே அவர் மனைவியும் பிள்ளைகளும் காலராவில் போனார்கள். ஒரு மகள் ஆற்றில் மூழ்கினாள். ஒரே ஒரு மகன் மிஞ்சினான். அந்த மனிதர் ஊழியத்தை விடவில்லை. யோபுவை நினைக்காமல் இந்த வாழ்க்கையை வாசிக்க முடியாது. 1894-இல் அரசு ஷ்டுண்டிஸ்டுகளை 'மிகவும் ஆபத்தான பிரிவு' என்று அறிவித்து ஜெபக்கூட்டத்தையே தடை செய்தது. 1905-இல்தான் சட்டப்படி மூச்சுவிட இடம் கிடைத்தது.

சரி, டெட்மோல்ட். ரயிலிலிருந்து இறங்கினால் மலை, காடு, அழகான சிறிய நகரம். சபைக் கட்டிடம் வெளியிலிருந்து ஒரு பெரிய சமுதாயக் கூடம் போலத்தான் இருக்கும். பலிபீடம் இல்லை, படம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. முன்னால் மேடை, பிரசங்க பீடம், சுவரில் ஒரு வசனம். அன்று மேடை நிறைய அறுவடை: பூசணி, முட்டைக்கோசு, ஆப்பிள், திராட்சை, நடுவில் கோதுமைக் கதிர்க்கட்டு, அதன் மேல் பின்னல் பின்னலாகச் சுட்ட பெரிய ரொட்டி. நம் ஊர் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் கரும்பும் நெல்லும் கொண்டுவந்து வைப்பதை நினைத்துக்கொண்டேன். ஏலம் மட்டும் இல்லை.

ஆராதனை இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூன்று பேர் பிரசங்கித்தார்கள். மூவரும் வார நாளில் வேறு வேலைக்குப் போகிற சகோதரர்கள். மணமான பெண்கள் தலையில் முக்காடு. நான்கு குரலில் பாடகர் குழு, வயலின், கிட்டார். பிள்ளைகள் கவிதை சொன்னார்கள். ஜெர்மனில் பாட்டு, நடுவில் ஒன்று ரஷ்யனில். 'ஜெபிப்போம்' என்றதும் மொத்தச் சபையும் மண்டியிட்டது. வயதானவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்கள். ஒருவர் முடித்ததும் இன்னொருவர், அடுத்து ஒரு பெண், அடுத்து ஒரு இளைஞன் என்று தாமாகவே ஜெபித்துக்கொண்டு போனார்கள். எழுதி வைத்த ஜெபப் புத்தகத்தோடு வளர்ந்த எனக்கு அந்த நேரம் மறக்க முடியாதது.

மதிய விருந்து அங்கேயே. பெரிய இரும்புக் கொப்பரையில் ப்ளோவ்: ஆட்டுக்கறி, காரட், முழுப் பூண்டு, சீரகம் போட்ட சோறு. மத்திய ஆசியாவில் கற்றுக்கொண்ட சமையல். என் எதிரே எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்தார். நண்பரின் தாய்மாமா. கைக்குழந்தையாக இருந்தபோது, ஜெர்மானியரை நாடுகடத்த சோவியத் அரசு போட்ட 1941 ஆகஸ்ட் 28 ஆணைப்படி, வோல்கா கரையிலிருந்து குடும்பத்தோடு கஜகஸ்தானுக்குச் சரக்கு ரயிலில் அனுப்பப்பட்டவர். அப்பாவைக் கட்டாய வேலை வாங்கும் தொழிற்படைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அம்மா லுத்தரன். போதகர்கள் ஒருவரும் மிச்சமில்லாத அந்தக் காலத்தில் கரகண்டாவில் ஒரு மண்வீட்டில் பெண்கள் கூடி ஜெபித்தார்களாம். அங்கே மென்னோனைட், பாப்டிஸ்ட், லுத்தரன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. "எங்களை பாப்டிஸ்ட் ஆக்கினது பசியும் அந்தப் பெண்களும்தான்" என்றார்.

வேதாகமம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். கட்டம் போட்ட தாள், ஓரம் பழுத்துப்போயிருந்தது. முழுக்க ஊதா மையில் அவர் அம்மாவின் கையெழுத்தில் பாடல்களும் சங்கீதங்களும். ஜெர்மானியப் பழைய எழுத்தில் சில பக்கம், ரஷ்ய எழுத்தில் சில பக்கம். இரவல் வாங்கிய வேதத்தை விடிவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் எழுத்து சில இடத்தில் ஓடுகிறது என்று விரலால் காட்டினார். பின்னாளில் சபைகள் தாமே அச்சு இயந்திரம் செய்து, மறைவிடங்களில் புதிய ஏற்பாடு அச்சடித்தன. அப்படி ஒன்று 1974-இல் லாட்வியாவில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது.

1960-இல் மாஸ்கோவிலிருந்த சபைகளின் தலைமை, அரசு நெருக்கடியால், பிள்ளைகளை ஆராதனைக்குச் சேர்க்கக் கூடாது, இளைஞர் ஞானஸ்நானத்தைக் குறைக்க வேண்டும் என்று மூப்பர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதை ஏற்காதவர்கள் 1961-இல் தனியே பிரிந்தார்கள். அரசிடம் பதிவு செய்த சபை, பதிவு செய்யாத சபை என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே பிளவு. பதிவு செய்யாதவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் 1964-இல் கைதிகளின் உறவினர் குழு அமைத்து, பெயர்ப் பட்டியல் எழுதி உலகுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனிக்கு வந்த பிறகும் அந்தப் பிளவின் தழும்பு சில சபைகளுக்கு நடுவே இருக்கிறது என்று பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. பிள்ளைகளை வெளியே நிறுத்து என்ற வரிக்கு 'மாட்டேன்' என்றவர்களின் பேரப்பிள்ளைகள் அன்று மேடையில் கவிதை சொன்னதைப் பார்த்தேன். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

மாலையில் அங்குள்ள ரஷ்ய ஜெர்மானியர் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நண்பர் கூட்டிப்போனார். அது ஒரு கிறிஸ்தவப் பள்ளியை ஒட்டி இருக்கிறது. பள்ளியின் பெயர்ப்பலகையைப் படித்தவுடன் நின்றுவிட்டேன். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே பள்ளி! ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு, தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய எங்கள் பிராங்கேயின் பெயர். நண்பரிடம் சீகன்பால்க் கதையைச் சொன்னேன். அவர் அதற்குப் பதிலாக எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்: தென் ரஷ்யாவின் மென்னோனைட் சகோதரர் சபையைச் சேர்ந்த ஆபிரகாம் ஃப்ரீசன், ஹாம்பர்க் பாப்டிஸ்ட் குருமடத்தில் படித்து, 1889-இல் மனைவி மரியாவோடு இந்தியாவுக்குப் புறப்பட்டு, அமெரிக்க பாப்டிஸ்ட் தெலுங்கு மிஷனில் சேர்ந்து நல்கொண்டாவில் ஊழியம் செய்திருக்கிறார். ரஷ்யக் கிராமங்களின் கோதுமைப் பணம் அங்கே போயிருக்கிறது.

நல்கொண்டா ஹைதராபாத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அடுத்த விடுமுறைக்கு வரும்போது சென்னைக்குப் பதிலாக ஹைதராபாத்தில் இறங்கி, அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் மாமாவுக்காக அந்தச் சபையைப் படம் எடுத்து வரவேண்டுமாம்.