நாலு வருடத்துக்கு ஒருமுறை

2024 ஜூலை 5, ஸ்டுட்கார்ட். 119ஆவது நிமிடத்தில் ஸ்பெயின் கோல் போட, யூரோ கால்பந்துப் போட்டியிலிருந்து ஜெர்மனி வெளியேறியது. கார்களின் பக்கக் கண்ணாடிகளுக்குக்கூட ஜெர்மன் கொடியில் உறை மாட்டியிருந்த எங்கள் தெரு, அப்படியே அடங்கிப்போனது. மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பெரியவர், "இனி நாலு வருடம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஆனியில் எங்கள் பங்காளிகள் எல்லாரும் ஊரில் கூடி முன்னோரைக் கும்பிடும் படைப்பு. லீவு கேட்டபோது அலுவலகத்தில், "திருவிழாதானே, அடுத்த வருடம் போங்களேன்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் படைப்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அதே அலுவலகத்தில் மேட்ச் அன்று மதியமே பாதி நாற்காலிகள் காலி!

ஆண்கள் கால்பந்து உலகக்கோப்பை 1930இல் தொடங்கியதிலிருந்து நாலு வருடக் கணக்குதான். போரினால் 1942, 1946 இரண்டும் நடக்கவில்லை. 1960இல் வந்த யூரோ, அதற்கு இடைப்பட்ட ஆண்டில் வரும். கொரோனாவால் ஒருமுறை மட்டும் 2021க்குத் தள்ளிப்போனது. இந்த இடைவெளி சும்மா வந்ததல்ல. தகுதிச் சுற்றுகளே மாதக்கணக்கில் இழுக்கும். வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப்புகள் லீக் முடிந்தால்தான் ஆளை விடும். 2021இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகக்கோப்பை என்ற யோசனையை முன்வைத்தது. ஐரோப்பாவும் தென் அமெரிக்காவும் முரண்டு பிடிக்க, பேச்சு அடங்கியது. நல்லதுதான். அடிக்கடி வந்தால் அந்தப் பெரியவர் அழுவாரா?

படைப்புக்கும் இதே நியாயம்தான். ஐயா, அதாவது தாத்தா, காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். இப்போது சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். எல்லாரும் கூடி, கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி என்று கணக்கிட்டுப் புள்ளி வரி போட்டு, முன்னோருக்கு வேட்டி சேலை வைத்துப் படைக்க அவகாசம் வேண்டாமா?

இந்த ஊர் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. குளிர் பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அமைதியும் பழகிவிட்டது. அப்புறம், படைப்பு அன்று வீடியோவில் எங்கள் பூர்வீக வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தை, காட்டினார்கள். ஆத்தா பந்தியில் பரிமாறிக்கொண்டே போக, சித்தப்பாமார் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். முகப்பில் குழந்தைகள் ஓடி விளையாடின. பாதிப்பேரின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) போனை வாங்கி, "ஒம் புள்ளிக்கு வரி கட்டியாச்சுப்பா, ஆளைத்தான் காணோம்" என்றார்.

2027 ஆனிக்கு லீவு வேண்டுமென்று மறுநாளே எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் யூரோவும் இல்லை, உலகக்கோப்பையும் இல்லை.