இணையதளம் குடிபெயர்ந்தது, மின்னஞ்சல் வழியிலேயே நின்றுவிட்டது

எங்கள் சிறு நிறுவனத்தின் இணையதளத்தைப் புதிய கிளவுட் சர்வருக்கு மாற்றி ஒன்பது நாள்கள் ஆகியும் தளத்தின் படிவம் வழியாக ஒரு வாடிக்கையாளர் விசாரணைகூட வரவில்லை. வியாபாரம் மந்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "படிவத்தை இரண்டு முறை நிரப்பி அனுப்பினேனே, பதிலே காணோமே?" என்று கேட்ட பிறகு, நானே படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. அஞ்சல் பெட்டிக்கு எதுவும் வரவில்லை.

சர்வரின் அஞ்சல் பதிவேட்டைத் திறந்தபோது, ஒவ்வொரு விசாரணையும் 25ஆம் போர்ட்டில் (ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சல் செல்லும் வாசல்) முட்டி, மறுமொழி கிடைக்காமல் வரிசையில் நின்றது தெரிந்தது. ஸ்பேம் அனுப்புவோரைத் தடுப்பதற்காகக் கிளவுட் தளங்கள் பலவும் இந்த போர்ட் வழியாக அஞ்சல் வெளியே செல்வதை இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. அமேசான், கூகுள் ஆகியவற்றின் ஆவணங்களிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த நிறுவனத்திலும் அதே விதிதான், ஆனால் விலைப்பட்டியல் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். முதல் பதில் சர்வரை மறுதொடக்கம் செய்யச் சொன்னது. இரண்டாவது, நான் ஏற்கெனவே படித்திருந்த உதவிக் கட்டுரையை அனுப்பியது. மூன்றாவதில்தான் "இது எங்கள் கொள்கை" என்ற உண்மை வந்தது. 587ஆம் போர்ட்டில் இயங்கும் அஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றில் சேர்ந்து, அதன் பெயரை டொமைனின் எஸ்பிஎஃப் பதிவிலும் (எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் பட்டியல்) சேர்த்ததும் அரை மணி நேரத்தில் சிக்கல் தீர்ந்தது.

வேதனை என்னவென்றால், தளத்தைத் தேர்ந்தெடுக்க நான் மூன்று வாரங்கள் செலவழித்திருந்தேன். நினைவகம், செயலி, சர்வர் முடங்காமல் இயங்கும் என்று உறுதி தரும் நேரம் 99.9 சதவீதமா 99.99 சதவீதமா என்றெல்லாம் அட்டவணை போட்டேன். முப்பது நாள் மாதத்தில் முதலாவது ஏறக்குறைய 43 நிமிட முடக்கத்தையும், இரண்டாவது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலான முடக்கத்தையும் அனுமதிக்கிறது என்று கணக்கிட்டு, நான்கு நிமிடத்துக்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் மண்டையைக் குடைந்துகொண்டேன். அந்த ஒன்பது நாள்களிலும் சர்வர் ஒரு நொடிகூட முடங்கவில்லை.

தேர்வில் ஒன்றைச் சரியாகச் செய்தேன். பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையை விட்டு, மாதக் கட்டணம் நிலையாக உள்ள சிறிய மெய்நிகர் சர்வரை எடுத்தேன். வெளியே செல்லும் தரவுக்கு அளந்து வசூலிக்கும் இடத்தில், கனமான பொருள் விவரக் கோப்பு ஒன்றைத் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களான பாட்கள் திரும்பத் திரும்ப இறக்கினாலே பில் ஏறிவிடும். செலவு எச்சரிக்கை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அந்த எச்சரிக்கை பொதுவாகத் தகவல் சொல்லுமே தவிர, சேவையை நிறுத்தாது.

இடமாற்றத்தில் பெரிதாகச் சிரமம் இல்லை. டிடிஎல் மதிப்பை, அதாவது தளத்தின் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 86400 நொடியிலிருந்து 300 நொடிக்கு முந்தைய நாளே குறைத்திருந்ததால், புதிய முகவரி விரைவாகவே பரவியது. ஆனால் முந்தைய இரவு டிஎன்எஸ் பதிவுகளை (டொமைன் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்பவை) அச்சிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னொரு பள்ளத்திலும் விழுந்திருப்பேன். உள்ளே வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எங்கள் எம்எக்ஸ் பதிவு டொமைன் பெயரையே சுட்டியது. இணையதள முகவரியை மாற்றினால் உள்ளே வரும் அஞ்சல்களும் புதிய சர்வரைத் தேடிப் போய்விடும். பழைய சர்வருக்கென்று தனிப்பெயர் வைத்து, எம்எக்ஸை அதற்குத் திருப்பிய பிறகே மற்றதைத் தொட்டேன். பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யும் அவசரமும் வேண்டாம்: அஞ்சல் பெட்டிகள் அங்கே இருந்தால், அவற்றோடு பல ஆண்டுக் கடிதங்களும் சேர்ந்து அழியும்.

போன விசாரணைகள் போனவைதான் என்று முதலில் நினைத்தேன். சர்வரில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள்கள் முயன்றுவிட்டு அஞ்சலைக் கைவிடும். கடைசி ஐந்து நாள்களுக்குரியவை மட்டும் இன்னும் வரிசையில் இருந்தன, வழி திறந்ததும் கிளம்பி வந்துசேர்ந்தன. கைவிடப்பட்டவை எங்கே திரும்பியிருக்கும் என்று தேடியபோது, சர்வருக்குள்ளேயே படிவ நிரல் இயங்கும் கணக்கின் அஞ்சல் கோப்பில், மூல வாசகத்தோடு கிடந்தன. மொத்தம் 14 பேர். அன்றிரவே ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மூவர், வேறிடத்தில் ஏற்கெனவே வாங்கிவிட்டதாகப் பதில் அனுப்பினார்கள்.