துப்பு பக்கத்திலேயே இருக்கட்டும்

காமிக்ஸ் படைப்பாளிகளின் நிஜ வாழ்க்கையை வைத்து மர்ம காமிக்ஸ் எழுதுகிறவர், கொலைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்க காமிக்ஸ் வரலாறே அள்ளிக் கொடுக்கும். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 1938-ல் அதை 130 டாலருக்கு விற்றார்கள். ஓய்வுத்தொகையும், படைப்பாளிகள் என்று இழந்த பெயரும் கிடைத்தது 1975-ல். பேட்மேன் உருவானதில் பெரும்பங்கு பில் ஃபிங்கருடையது. அவர் 1974-ல் இறந்தார். அதிகாரபூர்வமாகப் பெயர் சேர்ந்தது 2015-ல்!

இந்த வகைக் கதைகள் சறுக்குவது துப்பில்தான். கைரேகை, ரத்தக்கறை என்று போனால் செத்தவர் ஓவியராக இருந்தால் என்ன, வக்கீலாக இருந்தால் என்ன? ஓவியர் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கமே சாட்சி சொல்ல வேண்டும்.

'1958-ல் நட்சத்திர ஓவியர் வரைந்தது' என்று ஒரு பக்கம் ஏலத்துக்கு வருகிறது என்று வையுங்கள். முதலில் அளவு. அந்தக் காலத்தில் அச்சில் வருவதைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்காக வரைந்தார்கள். படப்பகுதி சுமார் 12½ × 18½ அங்குலம். 1967 வாக்கில்தான் அது 10 × 15 ஆனது, அதற்கான அட்டை 11 × 17. ஆக, 11 × 17 அட்டையில் இருக்கும் 1958 பக்கம் போலி. இதை வசனத்தில் சொல்லிவிடாதீர்கள். இரண்டாம், மூன்றாம் பக்கத்திலேயே அளவு தெரிய அந்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு டெலிபோனை வரைந்துவிட்டால் போதும்.

அடுத்தது வேலை வரிசை: பென்சில், பிறகு எழுத்து, கடைசியில் மை. அதனால் மைக்கோடு வசன பலூனின் விளிம்போடு நின்றுவிடும். பலூனுக்கு அடியில் கோடு தொடர்ந்தால் சந்தேகம் வரலாம். ஆனால் வசனத்தைத் திருத்தி ஒட்டிய துண்டுக்கு அடியிலும் பழைய மை இருக்கும், ஒட்டிய ரப்பர் சிமென்ட் பசை பழுப்பேறிப் போயிருக்கும். பொய்த்துப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

யார் கை என்பது எல்லாவற்றிலும் சுவையானது. ஷெல்டன் மோல்டாஃப் என்ற ஓவியர் 1953 முதல் 1967 வரை, பேட்மேனின் படைப்பாளியாகப் பெயர் போட்டுக்கொண்ட பாப் கேன் பெயரில் வரைந்துகொண்டிருந்தார். பெயரே போடாமல் டிஸ்னியின் டொனால்ட் டக் வாத்துக் கதைகள் வரைந்த கார்ல் பார்க்ஸை, 'நல்ல வாத்து ஓவியர்' என்று ரசிகர்கள் கோட்டை வைத்தே அடையாளம் வைத்திருந்தார்கள். பாவனை செய்கிறவர் முகத்தில் கவனமாக இருப்பார். காது, கட்டைவிரல், முழங்கை மடிப்பில் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். உங்கள் ஓவியர் ஒரே பேனாவில் இரண்டு கைகளையும் வரைந்தால் இது எடுபடாது. ஒருவருக்குத் தூரிகை, இன்னொருவருக்கு நிப் என்று கருவியையே பிரித்துவிடுங்கள்.

அச்சு இதழில் முதல் பக்கம் வலப்புறம் வரும். எனவே தாளைத் திருப்பியதும் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். அதிர்ச்சி அங்கேதான் வெடிக்க வேண்டும். நடுவில் ஒற்றைப் பக்க விளம்பரம் நுழைந்தால் கணக்கு மாறிவிடும், ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியருக்குச் சம்பளமாக வந்த காசோலையையும் விட்டுவிடக் கூடாது. சில கம்பெனிகள் உரிமை முழுவதும் தங்களுக்கே என்ற வாசகத்தை அதன் பின்பக்கத்தில் முத்திரையாகக் குத்தின. பணம் எடுக்கக் கையெழுத்துப் போட்டால் அதற்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவின் புதிய காப்புரிமைச் சட்டம் 1978-ல் நடைமுறைக்கு வந்ததால், இந்தத் துப்பு வேண்டுமென்றால் கதையை அதற்கு முன்னால் வையுங்கள்.