டிசம்பர்க் கடல்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தாத்தாவுக்கு ஜூல் வெர்ன் வாசித்துக் காட்டினேன். 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில் நாட்டிலஸ் என்கிற நீர்மூழ்கிக் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வருகிற அத்தியாயம் மட்டும். பாதி மொழிபெயர்த்து, பாதி கதையாகச் சொல்லி, நடுநடுவே அவருடைய வலது காதுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து. இடது காது அவருக்குக் கேட்காது. பத்தொன்பது வயதில் தொளாயிரம் பார் என்கிற முத்துச்சிப்பித் திட்டில் முத்துக்குளிக்கும்போது செவிப்பறை கிழிந்தது. அது 1961, தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த வருஷம்.

முத்துக்குளிப்பவர்கள் எவ்வளவு நேரம் மூச்சடக்குவார்கள் என்று நாட்டிலஸின் கேப்டன் நீமோ கணக்குச் சொல்கிற இடம் வந்தது. சராசரி 30 விநாடி, சிலர் 57, வெகு சிலர் 87, அப்படி ஏறி வருகிறவர்களுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும் என்கிறான். தாத்தா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "யாருலே எழுதுனது?" என்றார். பிரெஞ்சுக்காரர், 1869லிருந்து 70 வரை பத்திரிகையில் தொடராக வந்தது என்றேன். "சரியாத்தான் கேட்டு எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காதைத் தடவிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தக் குளியாள் வருகிறான். காலில் கல், இடுப்பில் பை. இறங்குகிறான், ஒரு பத்துச் சிப்பி பிய்க்கிறான், ஏறுகிறான், மறுபடி இறங்குகிறான். பாறை மறைவில் செம்புத் தலைக்கவசம் போட்ட நான்கு பேர் நின்று பார்ப்பது அவனுக்குத் தெரியாது. சுறா வருகிறது. நீமோ கத்தியோடு அதன் மேல் பாய்கிறான், கனடாக்காரன் நெட் லேண்ட் ஈட்டியால் அதைக் கொல்கிறான். குளியாளை மேலே கொண்டுபோய் மூச்சு வரவைத்து, கையில் ஒரு பை முத்தும் கொடுக்கிறார்கள். தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவன் பேரு என்ன?"

பெயர் கிடையாது, தாத்தா. இந்தியன் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 11, புதன்

ராத்திரி முழுக்க மழை. தூக்கம் வராமல் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். யாரோ ஒருவனுக்காக உயிரைப் பணயம் வைத்தீர்களே என்று, கதையைச் சொல்கிற பேராசிரியர் அரோனக்ஸ் கேட்கிறார். அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டுக்காரன்தான் என்கிறான் நீமோ. வாசிக்கிறவர்களுக்கு இதன் முழு அர்த்தம் 1875இல் வெர்னின் 'மர்மத் தீவு' வந்தபோதுதான் தெரிந்தது. நீமோ புந்தேல்கண்ட் இளவரசன், திப்புவின் உறவு, 1857 கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்தவன். வெர்ன் முதலில் நினைத்திருந்தது ரஷ்யாமேல் வஞ்சம் வைத்த ஒரு போலந்துக்காரனை, பதிப்பாளர் எட்ஸெல் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மறுப்பால்தான் நீமோ இந்தியன் ஆனான்.

எந்தக் கொடுங்கோலனின் ஆட்சியும் கடல்மட்டத்துக்கு முப்பதடி கீழே செல்லாது என்று நம்புகிறவன் அவன். நிலத்தில் எல்லாம் போனவனுக்கு வேறு எங்கே போக்கிடம்? ஆனால் 70 மீட்டர் நீளமுள்ள அதே நாட்டிலஸின் கூர்முனையால்தான் ஒரு போர்க்கப்பலைக் கிழித்து ஆட்களோடு மூழ்கடிக்கிறான். பிறகு உள்ளே போய் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கிற படத்துக்கு முன்னால் மண்டியிட்டு அழுகிறான். கப்பலில் செத்தவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்திருக்குமே. நீமோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தப் பக்கத்தைக் கடப்பதுதான் ஒவ்வொரு தடவையும் கஷ்டம்.

டிசம்பர் 15, ஞாயிறு

குடில் போட வைக்கோல் வாங்கி வந்தோம். மதியம் கரெல் சாபெக். செக் மொழியில் 1936இல் புத்தகமாக வந்த நாவல், சாலமாண்டர்களுக்கும் மனிதர்களுக்கும் நடக்கிற யுத்தம். அதுவும் முத்தில்தான் தொடங்குகிறது, குளிக்க இறங்குகிறவர்களும் இலங்கையிலிருந்து வந்தவர்கள்தான், அதனால் தாத்தாவுக்கு இதையும் சொன்னேன்.

சுமத்ராவுக்கு அருகே ஒரு சின்னத் தீவு. அதன் குடாவில் இரண்டு கால்களில் நிமிர்ந்து நடக்கிற சாலமாண்டர்கள் இருக்கின்றன. வெளியே போனால் சுறா தின்றுவிடும் என்பதால் காலங்காலமாக அந்த ஒரு குடாவுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. கேப்டன் வான் டோக் அவற்றைப் பார்த்து இரக்கப்படுகிறார். உண்மையான இரக்கம்தான், அதில் கள்ளம் இல்லை. சுறாவைக் குத்தக் கத்தி கொடுக்கிறார், அவை சிப்பி திறந்து முத்து கொடுக்கின்றன. அப்புறம் கம்பெனி வருகிறது, கூலி இல்லாத வேலைக்காரர்களாக அவற்றைப் பெருக்கி உலகம் முழுக்க விற்கிறார்கள், வெடிமருந்தும் கொடுக்கிறார்கள். அவற்றால் ஆழ்கடலில் வாழ முடியாது, கரையோர ஆழமில்லாத தண்ணீர்தான் வேண்டும். எண்ணிக்கை கூடக்கூடக் கரை போதவில்லை. கரை வேண்டுமென்று கண்டங்களை வெட்டி உடைக்க ஆரம்பிக்கின்றன.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கத்தி குடுத்தது தப்பில்ல" என்றார் பிறகு. "சுறா இருக்கிற கடல்ல வெறுங்கையோட எறங்குனவனுக்குத்தான் அது தெரியும்." அவர் காலத்துக்கு முன்பெல்லாம் சலாபத்துக்குச் சுறாவாய் கட்டுகிற கடல்கட்டியைக் கூட்டி வருவார்களாம், மந்திரம் சொல்லாமல் ஒருத்தனும் இறங்க மாட்டானாம்.

நாவலில் எனக்கு மறக்காதது போவோன்த்ரா என்கிற கிழவர். கேப்டன் பணம் கேட்டு முதலாளியைப் பார்க்க வந்த அன்று கதவைத் திறந்து உள்ளே விட்ட வாயிற்காவலர், அவ்வளவுதான் அவர் செய்தது. பல வருஷம் கழித்து ப்ராகில், கடலே இல்லாத நாட்டின் நடுவில், ஆற்றில் மீன்பிடிக்க மகனோடு உட்கார்ந்திருக்கும்போது தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை தெரிகிறது. எல்லாம் என்னால்தான் என்று உடைந்துபோகிறார்.

டிசம்பர் 18, புதன்

போன வருஷம் இதே நாள் நாங்கள் மாடியில் இருந்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. கீழ் வீட்டில் தண்ணீர் கட்டில் மட்டம், புத்தகங்கள் ஊதி அட்டை பிரிந்தன. ஜப்பானிய எழுத்தாளர் அபே கோபோவின் 'நான்காம் இடைப்பனியுகம்' நாவல் அதில்தான் போனது, இப்போது வேறு பிரதி வாங்கியிருக்கிறேன். உலகம் மூழ்கப்போகிறது என்று தெரிந்து கருவிலேயே குழந்தைகளை எடுத்துச் செவுள் வைத்து வளர்க்கிறார்கள், கதை சொல்கிறவனின் குழந்தையும் அதில் ஒன்று. கடைசியில் அந்தத் தலைமுறைப் பையன் ஒருவன் காற்றின் இசைக்கு ஆசைப்பட்டுக் கரையேறுகிறான். தரையில் உடம்பைத் தூக்க முடியாமல் அங்கேயே சாகிறான். அவன் உயிரைக் காப்பாற்றத்தான் கடலுக்குக் கொடுத்தார்கள், அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது காற்று. இதைத் தாத்தாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆர்தர் கிளார்க், அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் சாகிறவரை அங்கேயே இருந்தவர். விண்வெளிக்குப் போக முடியாது, எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், அதற்குக் கடல்தான் வழி என்று முக்குளிக்கக் கற்றுக்கொண்டவர். வந்த வருஷமே மைக் வில்சனோடு திருகோணமலையில் சுவாமிமலைக்குக் கீழே இறங்கி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்தார். பிற்காலத்தில் இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவால் சக்கர நாற்காலி. நடக்க முடியாதவருக்குத் தண்ணீருக்குள் மட்டும் உடம்பு பாரமில்லை.

1957இல் அவர் எழுதிய 'ஆழ்கடல் வெளி'யின் நாயகன் ஃபிராங்க்ளின், விண்வெளியில் தனியே மிதந்து தொலைந்ததில் மனம் உடைந்த விண்வெளி வீரன். மனைவியும் பிள்ளைகளும் செவ்வாயில், அவனால் இனி அங்கே போகவே முடியாது. திமிங்கிலங்களை மந்தையாக மேய்க்கிற வேலையில் அவனைப் போடுகிறார்கள், கடல் அவனைத் தேற்றுகிறது. நீமோபோல அவன் யாரையும் பழிவாங்கவில்லை, கடைசியில் இலங்கையின் மகாநாயக்க தேரர், அதாவது தலைமைப் பௌத்த பிக்கு, ஒருவரின் பேச்சால் திமிங்கிலங்களைக் கொல்வதே நிற்கிறது.

அதே 1957இல் வந்த 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்கிற தன் அனுபவ நூலில், 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து அலை காலித் துறைமுகம் வரை வந்ததைக் கிளார்க் எழுதியிருக்கிறார். அந்த நூல் வந்து 47 வருஷம் கழித்து, 2004இல், சுமத்ராப் பக்கமிருந்தே வந்த அலை ஹிக்கடுவவில் இருந்த அவருடைய முக்குளிப்பு நிலையத்தை அழித்தது.

டிசம்பர் 26, வியாழன்

இருபது வருஷம்.

அத்தை நேர்ச்சைக்காக வேளாங்கண்ணி போயிருந்தாள், இரண்டு பிள்ளைகளோடு. அன்றைக்கு ஞாயிறு. சுமத்ராவில் பூமி அதிர்ந்து இரண்டரை மணி நேரத்தில் அலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்கள். அத்தையும் பெரியவனும் திரும்பினார்கள். சின்னவனுக்கு ஆறு வயது.

இந்த மாதம் முழுக்க வாசித்த கதைகளில் ஒவ்வொரு கடலுக்கும் ஒரு காரணம் இருந்தது. நீமோவுக்கு வஞ்சம், சாலமாண்டருக்கு இடம் போதாமை, மனிதனுக்குப் பேராசை. அந்தக் காரணங்களுக்காகத்தான் நான் அவற்றைத் தேடிப் போகிறேன் என்று இன்று காலையில்தான் எனக்கு உறைத்தது. சின்னவன் விஷயத்தில் கடலுக்கு ஒரு காரணமும் கிடையாது. அவனை அதற்குத் தெரியவே தெரியாது.

ஒன்பது மணிக்குத் தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். எண்பத்திரண்டு வயது, மணலில் கால் புதைந்தது, நிற்காமல் வந்தார். பூ எதுவும் எடுத்து வரவில்லை. "பயமா இருக்கா, தாத்தா?" என்று கேட்டேன். "எறங்குற ஒவ்வொரு தடவையும் பயந்தான் இருந்துச்சு. எறங்குனப்புறம் இருக்காது" என்றார். அலை கணுக்காலைத் தொடுகிற இடம்வரை போனார். பிறகு முகத்தைத் திருப்பி, கேட்கிற காதைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா போன் செய்து சாப்பிடக் கூப்பிடும்வரை அப்படியேதான் நின்றார்.